வகுப்பு முழுக்க அரித்த பாடம்

நான் தாவரவியலில் பட்டம் வாங்கியவள். இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் அதை யாரும் நம்பமாட்டீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பதியில் மூன்று வருஷம் படித்தேன். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும், நெடுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு படம் போடுவேன். ஆனால் மண்ணில் கை வைத்தது கிடையாது. சித்தூரில் எங்கள் வீடு ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள் இருந்தது. நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அங்கே கம்பவுண்டர். எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான நிலம் மொத்தமும் ஒரு குரோட்டன்ஸ் தொட்டிக்குள் அடங்கிவிடும். அதற்கும் தண்ணீர் ஊற்றியது என் தம்பி.

எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்து மூன்று வயதிருக்கும்போது, புத்தூர் பக்கம் ஒரு தமிழ்வழிப் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன். பார்க்க வரும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நல்லபடியாக நாலு வரி எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

வீடு என்றால் சும்மா வீடு இல்லை. பலமனேரில் ஒரு வரன் காத்திருந்தது. பத்துப் பன்னிரண்டு கறவை மாடு வைத்திருந்தவர். என்னைப் பார்க்க வந்தவர், காபியைக் குடித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பால் கறக்கத் தெரியுமா?" (தெரியாது என்றேன். "பழகிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் எங்கள் காதல் கதை.)

நைனா நல்லவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வேல பர்மனென்ட் ஆச்சின்னா நீ சொல்ற வரிக்கும் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேம்மா. ஆவலன்னா, நானும் எத்தினி நாளிக்கித் தட்டிக் கழிச்சிக்கினு இருப்பேன்?"

ஆகவே இன்ஸ்பெக்‌ஷன் அன்று எடுக்கப்போகும் பாடத்தை மிகக் கவனமாகத் தேர்ந்தெடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு, 'பாலிலா இனப்பெருக்கம்'. விதை இல்லாமல் கிழங்கிலிருந்தும் கிளையிலிருந்தும் செடி வளர்ப்பது. தலைமை ஆசிரியைக்குத் தலைப்பே பிடிக்கவில்லை.

"அன்னிக்கின்னு பாத்து இத எடுக்கணுமா? இனப்பெருக்கம், அது இதுன்னுக்கினு."

"பாலிலான்னா பால் இல்லாததுதாங்க பெரிய டீச்சர்."

"இல்லாதத எதுக்குச் சொல்லித் தரணும்?" என்று கேட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

படம் போட்டு நடத்தினால் எல்லா டீச்சரையும் போல ஆகிவிடும். உண்மையான பொருள்களைக் காட்டுவது என்று முடிவு செய்தேன். உருளைக்கிழங்கு, இஞ்சி, வெங்காயம், பூண்டு எல்லாம் சந்தையில் கிடைத்தன. பதியம் போட்டுக் காட்டுவதற்கு வராந்தா ஓரத்தில் ஒரு மல்லிகைப் புதர் இருந்தது. அதன் ஒரு கிளையை வளைத்து, புத்தகத்தில் சொன்னபடி கணுவுக்குக் கீழே லேசாகச் சீவி, பக்கத்தில் வைத்த தொட்டியின் மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு செங்கல்லை வைத்தேன். மண்ணுக்குள் இருக்கும் கணுவில் வேர் விடும். அதன் பிறகு தாய்ச் செடியிலிருந்து வெட்டிவிட்டால் புதுச் செடி. ஆறு வாரம் என்று புத்தகம் சொன்னது. என் கையில் சரியாக ஆறு வாரம் இருந்தது.

சேனைக்கிழங்கை மட்டும் பள்ளியின் ஆயம்மா முனியம்மா கொண்டுவந்தார். விஜயபுரம் பக்கம் அவர்களுக்கு நிலம். ஒரு குழந்தையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"புதுக் கெழங்கும்மா. அறுக்கறதுக்கு முன்னாடி கைக்கு எண்ண தடவிக்கோ. அரிக்கும்."

எனக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அது கால்சியம் ஆக்சலேட் முனியம்மா. ஊசி ஊசியா படிகம் இருக்கும். நான் அதப் பரீட்சையிலயே எழுதியிருக்கேன்."

"எழுதனா அரிக்காது. அறுத்தா அரிக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் பெருக்கப் போய்விட்டார்.

அந்த நாள் வந்தது. வெட்டிய பக்கம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக, மணி அடிக்கும் நேரத்துக்குத்தான் சேனையை அறுத்தேன். இரண்டு பெரிய பாதி, மிச்சத்தை மாணவிகளுக்குக் கொடுக்கச் சின்னத் துண்டுகள். (எண்ணெயா? எதற்கு? நான்தான் படித்தவள் ஆயிற்றே.) உள்ளே நாற்பது மாணவிகள். கடைசி வரிசையில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா உட்கார்ந்திருந்தார். தெலுங்குக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மூக்கின் நுனியில் கண்ணாடி, மடியில் ஒரு நோட்டு.

முதலில் பதியம். காலையிலேயே தாய்ச் செடியிலிருந்து கிளையை வெட்டிவிட்டிருந்தேன். தொட்டியை மேஜை மேல் வைத்து, "மண்ணுக்குள் இருந்த கணுவில் என்ன வந்திருக்கும் என்று பார்ப்போமா?" என்று கேட்டபடி கிளையை மெல்ல இழுத்தேன். மெல்ல இழுக்கத் தேவையே இருக்கவில்லை. சாம்பாரிலிருந்து முருங்கைக்காய் வருவது போல வழவழவென்று வெளியே வந்துவிட்டது. ஒரு வேர் கூட இல்லை. நுனியில் ஒரு மண்புழு மட்டும் தொங்கியது.

"டீச்சர், வேர் நெளியுது!" என்றாள் இரண்டாம் பெஞ்ச் வசந்தா.

வகுப்பு சிரித்தது. வாசலில் நின்றுகொண்டிருந்த முனியம்மா தனக்குள் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "தெனம் காலீல வந்து புடுங்கிப் புடுங்கிப் பாத்துக்கினு இருந்தா எப்டி வேர் வுடும்?"

உண்மைதான். ஆறு வாரமும், ஞாயிற்றுக்கிழமை தவிர, தினமும் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நோட்டில் ஏதோ எழுதினார். என் கண் முன்னால் பலமனேர் மாடுகள் வரிசையாக வந்து நின்றன.

எப்படியாவது மீண்டுவிட வேண்டும் என்ற வேகத்தில் சேனைக்குத் தாவினேன். "இது வேர் அல்ல, தண்டு. தரைக்குக் கீழே வாழும் தண்டு. இதில் மொட்டு இருக்கிறது. மொட்டோடு ஒரு துண்டை நட்டால் புதுச் செடி வரும். எல்லாரும் கையில் வாங்கி, தடவிப் பாருங்கள்!" துண்டுகளை வரிசை வரிசையாக அனுப்பினேன். பெரிய பாதியைக் கடைசி வரிசைக்கு நானே எடுத்துப்போய், இரண்டு கையாலும் பணிவாக நீட்டினேன். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மொட்டை விரலால் தடவினார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு கழுத்துச் சங்கிலியை.

நான் கரும்பலகைக்குத் திரும்பி வந்தபோது என் உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பார்த்தேன். எறும்பு இல்லை. அந்த நொடியில், பரீட்சைத் தாளில் நான் அழகாக வரைந்திருந்த ஊசிப்படிகங்கள் ஒன்று விடாமல் நினைவுக்கு வந்தன.

முதல் பெஞ்சில் ஒருத்தி உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்தாள். மூன்றாம் பெஞ்சில் இரண்டு பேர் மேஜை விளிம்பில் தேய்த்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா எதிரில் சொறியக் கூடாது என்று தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்த 'ஒழுக்கம்' ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. பிள்ளைகள் எதிரில் தான் சொறியக் கூடாது என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கையால் எழுதி, மறு கையைப் புடவைக்குள் மறைத்துத் தேய்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன். நாற்பத்திரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தாவரவியல் படித்தோம்.

உடைத்தது வசந்தாதான். "டீச்சர், இனிமே முடியாது, அரிக்குது!"

அவ்வளவுதான். வகுப்பே எழுந்து சொறிய ஆரம்பித்தது. ஒருத்தி அழுதாள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நோட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கழுத்தைச் சொறிந்துகொண்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த தலைமை ஆசிரியை, "என்ன பண்ண நீ?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

முனியம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஹாஸ்டல் சமையலறைக்குப் போய் ஒரு குண்டான் புளிக்கரைசலோடு வந்தார். வராந்தாவில் நாற்பது பெண்களும் வரிசையாகக் கையை நீட்டினார்கள். வரிசையின் முதல் ஆள் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா. கழுத்தில் புளியைப் பூசிக்கொண்டு, மேஜை மேல் அமைதியாக உட்கார்ந்திருந்த சேனையை ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"கந்தகு லேனி துரத கத்திபீடகு எந்துகு," என்றார். கிழங்குக்கே இல்லாத அரிப்பு அரிவாள்மணைக்கு எதற்கு என்று தெலுங்கில் ஒரு பழமொழி. சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அழறத நிறுத்து. இது ஏன் அரிக்குது? தெரியுமா?"

தெரியுமாவா! புளி வழியும் கையால் சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் அந்த ஊசிப்படிகங்களை வரைந்தேன். அவை தோலில் எப்படிக் குத்துகின்றன, மண்ணுக்குள் தோண்டும் பிராணிகளிடமிருந்து கிழங்கை எப்படிக் காக்கின்றன என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அதற்கு முன்பும் பாடம் நடத்தியதில்லை, பின்பும் இல்லை. நாற்பது பெண்களும் சொறிந்துகொண்டே, அசையாமல் கேட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அறிக்கை வந்தது. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு வாசித்தார். 'பாடப்பொருளை மாணவிகள் கையால் உணரச் செய்கிறார். மாணவிகள் இதை மறக்கமாட்டார்கள். நானும் மறக்கமாட்டேன்.' வேலை நிரந்தரமானது. நான் அடித்த தந்தி கிடைத்த அன்றே நைனா, வரன் வேண்டாம் என்று பலமனேருக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

அதன்பிறகு நான்கைந்து வருஷம் கழித்து, நானே பார்த்துச் சொன்ன ஒருவருடன் எனக்குக் கல்யாணம் நடந்தது. (மாடு கிடையாது. சைக்கிள் மட்டும்.) அவரிடம் இந்தக் கதையை நான் சொல்லவே இல்லை. சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் சித்தூரில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தேன். வலி தாங்காமல், பக்கத்தில் வந்த நர்ஸின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"டீச்சர்! நீங்களா? நான் வசந்தா!" என்று கத்தினாள். அடுத்த நொடி என் கையை உதறிவிட்டு, தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "கையக் கழுவிக்கினீங்களா டீச்சர்?"

திரைக்கு அந்தப் பக்கம் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். குழந்தை பிறந்து கால் மணி நேரம் ஆவதற்குள் வசந்தா அவருக்கு முழுக்கதையும், மண்புழு உட்பட, சொல்லி முடித்துவிட்டாள்.

அன்று பிறந்த மகளுக்குச் சித்தூரில் எங்கள் சபையின் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. போதகர் ஐயா, "இருவரும் வலது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். ஆலயம் முழுக்க அமைதி. முதல் வரிசையில் இருந்து என் கணவர், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஒங்கம்மா பொண்ணாச்சே, கையக் கழுவினியா?" என்றார்.

என் பக்கத்து உறவினர்கள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பாவம், எதற்கு வம்பு என்று தன் கையைக் கோட்டில் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் நீட்டினார்.