அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவன் நான்தான்

ஏழு மலைக்கு அந்தப் பக்கம், மூடுபனிக்குக் கீழே, ஒரு பயந்தாங்கொள்ளி வாழ்ந்து வந்தானாம். ரொம்ப தூரம் தேட வேண்டாம். மலை, பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து மலை. வருஷம் ரெண்டாயிரத்து நாலு. பயந்தாங்கொள்ளி, சின்னராசாவாகிய நான்.

சிறுத்தையிடம்கூட எனக்குப் பாதிப் பயம்தான். முழுப் பயம் என் அப்பாவிடம்.

அப்பா வீரபத்திரன் அந்தக் காலத்துக் கங்காணி. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுகிறவர். வேலையை விட்டு எவ்வளவோ காலமாகிறது. புத்தி மங்கிய பிறகு, தானாகவே வேலையில் திரும்பச் சேர்ந்துவிட்டார். விடிந்ததும் நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் பெரட்டு. ஆள் வராவிட்டால் தேடிக் கிளம்பிவிடுவார். போன மழையில் அப்படிக் கிளம்பியவரைப் பனிக்குள் கத்திக் கத்தித் தேடினோம். ஆத்துப் பள்ளத்து விளிம்பில், ஒரு கால் அந்தரத்தில் இருக்க, இல்லாத ஆட்களைத் திட்டிக்கொண்டு நின்றார். பாய்ந்து அவரைப் பிடித்து இழுத்தவள் என் மனைவி ஜெயலெட்சுமி. நான் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செடி விழுந்துவிடக் கூடாதே.

அன்றிலிருந்து லெச்சுமியே பெரட்டுக்கு நிற்கிறாள். தலையில் கூடையை மாட்டிக்கொண்டு, "கங்காணியாரே, நான் எந்த மலைங்க?" என்பாள். அவர் சொல்வார். இவள் லயத்தைச் சுற்றி வந்து பின்பக்கமாகச் சமையலுக்குக் குசினிக்குள் நுழைவாள். அவரும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பார். பிறகு குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரி கதவுக்குக் குறுக்கே படுப்பது, எல்லாம் அவள்தான். என்னைக் கண்டால் மட்டும் அப்பா கம்பைத் தூக்குவார். என் முகத்தில் அவருக்கு ஒரு வேலைக்கள்ளன் தெரிகிறான். அந்த ஒரு விஷயத்தில் மாமாவுக்குப் புத்தி தெளிவு என்பாள் லெச்சுமி.

இப்படி இருக்கையில் பக்கத்து வீட்டு மாயாண்டி ஓடி வந்தான்.

"அண்ணே, ஒங்கப்பா மாதிரி ஆளுங்கள வீட்டுல வச்சுப் பாக்குறவங்களுக்கு கவுர்மெண்டு லீவு குடுக்குதாம்! ஒரு கெழம, ஏழு நாளும், எங்கயாச்சும் போயி ஓய்வெடுக்கலாமாம். நாளைக்கு சமூகசேவை மிஸ் விசாரிக்க வர்றாங்க."

"லீவு யாருக்குடா?"

"பாக்குறவங்களுக்கு. நம்ம லெச்சுமிக்குத்தான்."

லெச்சுமிக்கு லீவு. ஒரு கிழமை. அப்பா. பனி. பள்ளம். கம்பு. நான்.

குலை நடுங்கினால் மூளை வேலை செய்யும் போலிருக்கிறது. ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். பார்க்கிறவன் நான்தான் என்று சொல்லிவிட்டால்? லீவு எனக்கு வரும். "வேணாம் மிஸ்" என்று பெருந்தன்மையாக மறுத்துவிடுவேன். லெச்சுமி நகர முடியாது!

"புள்ள, நாளைக்கு மிஸ் கேட்டா, அப்பாவ நான்தான் பாக்குறேன்னு சொல்லு."

"ஏங்க?"

"ஆம்பளப் புள்ள இருக்கையில மருமக பாக்குறான்னா ஊரு என்ன பேசும்?"

"இத்தன நாளா பேசலியே?"

"மனசுக்குள்ள பேசுது."

"சரிங்க. நீங்க சொன்னா சரிதான்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சொன்னதே இல்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். ஆனால் அப்பாவுக்குப் பயப்படவே எனக்கு நேரம் போதவில்லை.

மறுநாள் மதுரா மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முன்வாசல் இஸ்தோப்பில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தோம்.

"அண்ணை, நீங்கள் தனியவோ அப்பாவைப் பாக்கிறியள்?"

"தனியாத்தான் மிஸ்."

மூலையிலிருந்து அப்பா கம்பை நீட்டினார். "இவன் யாரு? வேலைக்கே வராத பய!"

நான் சுவரோடு ஒட்டினேன். மிஸ் உச்சுக்கொட்டினார். "பாவம், பாக்கிற மகனையே தெரியேல்லை. மனிசி உதவி செய்யிறேல்லையோ?"

லெச்சுமி முந்திக்கொண்டாள். "எங்க மிஸ், கிட்டவே விடமாட்டாரு. குளிப்பாட்டுறது, ஊட்டுறது, பெரட்டுக்கு நிக்கிறது, அம்புட்டும் இவருதான்."

"களைப்பா இல்லையோ அண்ணை? நித்திரை கொள்ளுறியளோ?"

"களைப்பா? ஊதித் தள்ளுற வேலை மிஸ்! நல்லாத் தூங்குறேன்." கடைசி வார்த்தை மட்டும் சத்தியம். "லீவெல்லாம் நமக்கு வேணாம்."

மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாப் பிள்ளையளும் உங்களைப் போல இருந்தா எவ்வளவு நல்லம். அரசாங்கம் தந்த காசு கொஞ்ச வீடுகளுக்குத்தான் போதும். பாக்கிறவை களைச்சு விழுற வீட்டுக்கு, அவை ஓய்வுக்குப் போற கிழமை முழுக்க, பழக்கின ஆள் ஒராளைச் சம்பளம் குடுத்து அனுப்புறம். ராப்பகலா தங்கிப் பாப்பார். உங்களுக்குத் தேவையில்லைத்தானே? வேற வீட்டுக்குக் குடுக்கிறன்."

ஆளா? ராப்பகலாகவா? மாயாண்டி இதைச் சொல்லவே இல்லையே!

"மிஸ், ஒரு சந்தேகம்" என்றாள் லெச்சுமி. "அப்ப இந்த வீட்டுல நான் ஒரு கெழம இல்லாட்டி ஒன்னும் ஆயிராதுல்ல?"

"நீங்கள் பாக்கிறேல்லைத்தானே அம்மா? என்ன நடக்கப்போகுது?"

மிஸ் குடையை விரித்துக்கொண்டு படி இறங்கினார். கூப்பிட வாய் திறந்தேன். எந்தப் பொய்யிலிருந்து திருத்த ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் அவர் வளைவில் திரும்பிவிட்டார்.

லெச்சுமி கதவுக்குப் பின்னாலிருந்து பையை எடுத்தாள். ஏற்கனவே கட்டி வைத்த பை.

"லிந்துலையில அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றேங்க."

பையின் காதைப் பிடித்துக்கொண்டேன். "புள்ள! வீட்டுக்கு ஆளு அனுப்புவாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. டிஸ்பென்சரியில சொன்னாங்க."

"மாயாண்டி சொல்லலியே!"

"பாதிய மட்டும் சொல்லுங்கண்ணேன்னு நான்தான் அனுப்புனேன்."

"அடிப்பாவி! அப்பா பள்ளத்துப் பக்கம் போயிட்டா?"

அவள் முகம் ஒரு கணம் வாடியது. "அது நெனப்புல இல்லாமயா? மாயாண்டி அண்ணன் அந்தப் பக்கம் காவல் இருப்பாரு. மத்த வேலையெல்லாம் நீங்கதான். அதுக்கு ஒரு விரல்கூட அசைக்க மாட்டேன்னு அவருகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்."

"நெசத்தச் சொல்லியிருந்தா அந்த ஆளு வந்திருப்பாருல்ல? ஒனக்கும் லீவு கெடச்சிருக்கும்ல?"

"ஒரு லீவு கெடச்சிருக்கும். மிஸ் மூணு மாசம் கழிச்சு மறுபடி வருவாங்க. இந்த ஒரு கெழம முடியட்டும், அவங்க கால்ல விழுந்து நீங்களே நெசத்தச் சொல்லுவீங்க. இப்பப் போறது மொத லீவு, அது எனக்கு ரெண்டாவது லீவு."

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து பிரித்துவிட்டு, பஸ் ரோட்டுக்கு இறங்கி நடந்துபோனாள்.