மயில் டின்னும் அறுப்பின் பண்டிகை மைக்கும்

புக்கிட் பாஞ்சாங்,
சிங்கப்பூர்.

கர்த்தருக்குள் பிரியமான சிலாஸ் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சுகிர்தத்தின் வீட்டுக்காரர் சுவிசேஷமுத்து ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் சுகிர்தமும் மகன் லியோனலும், ஜூரோங்கில் குடியிருக்கும் மகள் நடாலியும் மாப்பிள்ளையும் தேவகிருபையால் சுகமாக இருக்கிறோம். தெம்பனிஸில் நீங்களும் வீட்டில் எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலிக்காகக் குடும்ப ஜெபத்தில் மறக்காமல் வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. நேற்று வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய ஒரே வரியைப் பார்த்தேன். "மாப்ள, மைக் விஷயமா கமிட்டில பேசணும்." அதற்குக் கீழே கைகூப்பும் படம் ஒன்று. நம் சபையின் அறுப்பின் பண்டிகைக் கமிட்டிக்கு நீங்கள் தலைவர். நான் அந்தப் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் பொருள்களை ஏலம் விடுகிறவன். ஆகவே கைகூப்பும் படத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஏதோ ஓர் இணைய ஏலத் தளத்தில் மோசடி செய்ததற்காக என்னைத் தடை செய்துவிட்டார்கள் என்றும், அப்படிப்பட்டவன் கையில் சபையின் மைக்கைக் கொடுக்கலாமா என்றும், இந்த வருஷம் நம் சபை வாலிபன் ஆரோன் தம்பி எல்லாருடைய கைப்பேசியிலும் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்து சத்தமில்லாமல் ஏலத்தை நடத்துவான் என்றும் பேச்சு அடிபடுகிறதாம். இதற்கெல்லாம் வாட்ஸ்அப்பில் பதில் எழுதினால் மரியாதையாக இருக்காது. அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன்.

முதலில் என் தகுதியை நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. ஜூரோங் கப்பல் பட்டறையில் நான் வெல்டராக இருந்த காலத்திலிருந்து அந்த மைக் என் கையில்தான் இருக்கிறது. போன வருஷம் மேபல் அக்கா தன் வீட்டு வாசலில் தொட்டியில் வளர்த்த ஒரே ஒரு புடலங்காயைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். தேக்கா மார்க்கெட்டில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் அதைத் தூக்கிப் பிடித்து, "அக்கா தண்ணி ஊத்தின புடலங்கா, பாட்டுப் பாடி வளத்த புடலங்கா!" என்று ஆரம்பித்தேன். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நம் வழக்கப்படி சபைக்கே திருப்பிக் கொடுத்தார், மறு ஏலம் விட்டேன், அடுத்தவரும் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். நீங்களே அதை இரண்டு தடவை எடுத்தீர்கள் மச்சான், இரண்டாவது தடவை எடுத்தது ஜூரோங்காரர்கள் முன்னால் தெம்பனிஸ் தோற்கக்கூடாது என்பதற்காக. சுற்றிச் சுற்றி வந்ததில் காய் துவண்டு போனது, ஆனால் அந்தப் பணத்தில் சபைக் கூரை ஒழுகுவது நின்றது. மேபல் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இது மோசடி என்றால் கூரையைத்தான் கேட்க வேண்டும்.

இனி டின் விஷயத்துக்கு வருகிறேன். நான் பழைய பிஸ்கட் டின்கள் சேர்ப்பது உங்களுக்குத் தெரியும். கப்பல் படம் போட்டது, குதிரைப் பந்தயப் படம் போட்டது, மணிக்கூண்டு போட்டது என்று லியோனலின் அறையில் சுவர் தெரியாத அளவுக்கு அடுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து வைத்திருப்பதால் அவை பிஸ்கட் வைத்திருந்த நாளைவிட இப்போது பளபளப்பாக இருக்கின்றன. லியோனலுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் சுகிர்தம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வர்ற மருமக எங்க படுப்பா? டின்னுக்குள்ளயா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். லியோனல் அந்த ஏலத் தளத்தில் என் பெயரில் கணக்குத் திறந்து, "டாடி, நீங்க போட்டோ மட்டும் எடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். எடுத்தேன். கப்பல் படம் போட்ட டின்னின் மூடி அவ்வளவு பளபளப்பு மச்சான், அதில் நான் கைலியோடு, மேலே ஒன்றும் போடாமல், தொந்தியும் தானுமாகத் தெளிவாகத் தெரிந்திருக்கிறேன். எனக்கு அது தெரியாது, சிங்கப்பூருக்கே தெரிந்த பிறகுதான் தெரியும். ஒருவர் கீழே கேட்டிருந்தார், "அங்கிள், மூடியில இருக்கறவரும் சேத்துதானா?" என்று. ஆனால் பாருங்கள், அந்தத் தளத்தில் அந்த வாரம் அதிகம் பேர் பார்த்த டின் என்னுடையதுதான்.

பிறகு குதிரை டின்னுக்கு ஒருவர் ஏலத்தில் ஜெயித்து, புக்கிட் பாஞ்சாங் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நேரில் வாங்கிக்கொள்கிறேன் என்றார். வந்தார். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படத்துல பெருசா இருந்துச்சு லா அங்கிள், இவ்ளோ சின்னதா?" என்று கேட்டார். ஏலத்தில் எடுத்த பொருளைச் சின்னது என்று சொல்லித் திருப்பித் தந்த ஆளை நான் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன். அளவு கீழே எழுதியிருக்கிறதே என்றேன். அதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். அதற்கடுத்தது மணிக்கூண்டு டின். அதைத் தபாலில் அனுப்பும்போது வெறும் பாத்திரத்தை எப்படி ஒருவர் வீட்டுக்கு அனுப்புவது என்று சுகிர்தம் ஒரே பிடிவாதம். நிறைய அச்சுமுறுக்கு அடுக்கி மூடிவிட்டாள். டின்னுக்குள்ளே எண்ணெய்க் கறை படிந்துவிட்டதென்று அவர் தளத்தில் புகார் எழுதி ஒரே ஒரு நட்சத்திரம்தான் கொடுத்தார். ஆனால் அதே புகாரின் கடைசியில், முறுக்கு பிரமாதம், அது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். இந்த ஒரு வரியைச் சுகிர்தம் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். நட்சத்திரத்தைப் பற்றி எழுதியிருந்த பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டாள்.

இப்போது மயில் டின். என் சேகரிப்பிலேயே அதுதான் ராஜா. தோகை விரித்த மயில், ஒரு இறகுகூட உரியவில்லை. ஏலம் முடிய வேண்டிய நேரம் நெருங்குகிறது, விலை பதினெட்டு வெள்ளியில் படுத்துக் கிடக்கிறது. மச்சான், துவண்டு போன புடலங்காய்க்கு நான் கூரை வாங்கிக் கொடுத்தவன். மயிலைப் பதினெட்டு வெள்ளிக்கு விட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு சபையில் மைக்கைப் பிடிப்பேன்? நம் பண்டிகையில் விலை தேங்கினால் நாம் என்ன செய்வோம்? ஏலம் விடுகிறவன் வீட்டிலிருந்தே ஒருவர் கையைத் தூக்கி ஆரம்பித்து வைப்பார். அதுதானே மரியாதை? அதனால் சுகிர்தத்தைக் கையைத் தூக்கச் சொன்னேன், அதாவது அவள் கைப்பேசியில். நடாலியை ஜூரோங்கிலிருந்து கேட்கச் சொன்னேன். லியோனல் தன் அறையிலிருந்து கேட்டான். நான் ஹாலில் நின்று, டிவி ரிமோட்டை மைக்காகப் பிடித்து, "நாப்பது வெள்ளி ஒரு தரம்!" என்று சத்தம் போட்டேன். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தாயும் மகளும் போட்டியில் இறங்கிவிட்டார்கள். "அம்மா, நீ விடு, இது எனக்கு!" என்று நடாலி ஸ்பீக்கரில் கத்துகிறாள். "உன்னப் பெத்தவ நான், என்கிட்டயேவா?" என்று சுகிர்தம் அழுத்துகிறாள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் தட்டி, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். கடைசியில் அறுநூற்று நாற்பது வெள்ளிக்கு மயில் டின்னைச் சுகிர்தம் ஜெயித்தாள். எங்கள் டின், எங்கள் வீட்டிலேயே, அலமாரியைவிட்டு ஓர் அங்குலம் நகராமல்! அவளும் நல்ல விசுவாசியாக உடனே சொன்னாள், "நான் திருப்பிக் குடுத்துட்டேன், மறு ஏலம் விடுங்க." நானும் விட்டேன்.

விற்காத டின்னுக்குத் தளம் என் கார்டிலிருந்து தரகு எடுத்துக்கொண்டது. அதுகூடப் பரவாயில்லை. விலை கேட்டவர்களில் மூன்று பேர் ஒரே குடும்பம், அதில் இருவர் ஒரே வைஃபை என்று கண்டுபிடித்து, நான் செயற்கையாக விலையை ஏற்றினேன் என்று எழுதினார்கள். செயற்கையா! என் மகள் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினாளே, அது செயற்கையா? அறுப்பின் பண்டிகை என்றால் என்ன, காணிக்கை என்றால் என்ன, மறு ஏலம் என்றால் என்ன என்று விளக்கமாக ஆங்கிலத்தில் பெரிய கடிதம் எழுதி அனுப்பினேன். அனுப்பி விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது, உங்கள் மனவருத்தம் எங்களுக்குப் புரிகிறது என்று. என் மனவருத்தத்தை அவ்வளவு வேகமாகப் புரிந்துகொண்டவர்கள் உலகத்தில் யாருமில்லை, சுகிர்தம் உட்பட. மறுநாள் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். மோசடி என்ற வார்த்தையை என் பெயருக்குப் பக்கத்தில் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். நான் பெருமைக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அடுத்தவர் காசு ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை.

இனிமேல்தான் நீங்கள் கமிட்டியில் வாசிக்க வேண்டிய பகுதி. அந்தப் பதினெட்டு வெள்ளி கேட்டவர் கமலா என்றொரு ஆஸ்பத்திரித் தாதி. மயில் படம் போட்ட எதையும் விடாதவராம். கணக்கை மூடுமுன் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். தேக்காவில் ஜாஃபர் பாய் தேநீர்க் கடையில் சந்தித்தோம். பாய் கப்பல் பட்டறைக் காலத்திலிருந்து என் சிநேகிதர்.

"பதினெட்டுக்கு மேல என்னால போக முடியல அங்கிள். அப்புறம் யாரோ பைத்தியக்காரங்க ஏத்திக்கிட்டே போயிட்டாங்க" என்றார் கமலா.

"பைத்தியக்காரங்க இல்லம்மா, எங்க வீட்டு ஆளுங்கதான்."

அவர் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "அப்ப பதினெட்டுக்கே குடுத்திருங்களேன்."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எதிரே டின், கையில் காலி கிளாஸ், சுற்றிலும் ஆட்கள். வாய் தன் போக்கில் போய்விட்டது. "தோக விரிச்ச மயிலு! தேக்காவுக்கே வந்த மயிலு! பதினெட்டு வெள்ளி ஒரு தரம்!" என்று எழுந்து நின்றுவிட்டேன். "இருவது!" என்றார் ஜாஃபர் பாய், தேநீரை ஆற்றிக்கொண்டே. பக்கத்து மேசையில் ஒரு டாக்சிக்காரர், "இருவத்தஞ்சு லா!" என்றார். கமலா மேசையில் ஓங்கித் தட்டி, "முப்பது! என் மயில யாரும் தொடக்கூடாது!" என்றார். கடைசியில் நாற்பத்தைந்துக்கு அவரே எடுத்தார். கடையே கைதட்டியது. டாக்சிக்காரர் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். "இவ்ளோ சந்தோஷமா நான் எதையும் வாங்கினதில்ல அங்கிள்" என்று சொல்லி, டின்னைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு போனார். ஜாஃபர் பாய்க்கு டின் எதற்கு, அவர் கடையிலேயே டின்கள் குவிந்து கிடக்கின்றன. எனக்காகத்தான் விலையை ஏற்றினார், அவ்வளவு பாசம். நாற்பத்தைந்து வெள்ளியையும் அப்படியே பண்டிகைக் காணிக்கை உறையில் போட்டுவிட்டேன். இதைச் சுகிர்தத்திடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் அதிகமானால் அவளுக்கு அப்படித்தான்.

ஆரோன் தம்பி கெட்டிக்காரன், நல்ல பிள்ளை, அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் எல்லாரும் தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், தன் புடலங்காயை யார் ஆசையோடு கேட்டார்கள் என்று மேபல் அக்காவுக்கு எப்படித் தெரியும்? கேட்பவர் முகத்தைப் பார்ப்பதற்காகத்தானே அக்கா ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மைக் இல்லாவிட்டால் பண்டிகையன்று நான் எங்கே நிற்பேன், கையை எங்கே வைத்துக்கொள்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே கமிட்டிக்கு என் வாக்குறுதியைத் தெரிவியுங்கள். இனிமேல் நான் விடும் எந்த ஏலத்திலும் நானோ என் வீட்டாரோ விலை கேட்கமாட்டோம், சிநேகிதரைக் கொண்டும் கேட்க வைக்கமாட்டோம். சுகிர்தமும் நடாலியும் லியோனலும் இதற்குச் சம்மதித்துவிட்டார்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் அன்பையும் பிள்ளைகளுக்கு முத்தங்களையும் சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் முழங்காலையும் உங்கள் தலைமையையும் பலப்படுத்துவாராக.

இப்படிக்கு, தலைநிமிர்ந்து நிற்கும்
உங்கள் மாப்பிள்ளை
சுவிசேஷமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சுகிர்தம் வந்து சொன்னாள், மைக் யாருக்கு என்று கமிட்டியில் ஓட்டெடுப்பு நடத்தப் போகிறீர்களாமே! ஓட்டு வேண்டாம் மச்சான், சபைக்குள் பிரிவினை வரும். மைக்கை ஏலத்துக்கு விடுங்கள், வருகிற பணம் சபைக்கே சேரட்டும். முதலில் நான் இருநூறு வெள்ளி கேட்கிறேன். ஆரோன் தம்பி அதற்கு மேலே போனால் சுகிர்தம் இருநூற்றைம்பது கேட்பாள். அதற்கும் மேலே போனால் ஜூரோங்கிலிருந்து நடாலி போனில் இருப்பாள், லியோனலும் கல்யாணச் செலவிலிருந்து கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறான், ஜாஃபர் பாயும் கடையை அடைத்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார். நடுவில் நீங்களும் சும்மா ஒரு முந்நூறு கேட்டு வையுங்கள், விறுவிறுப்பாக இருக்கும். அந்த ஏலத்தை விடுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், நானே விடுகிறேன்.