போகவா, வேணாமா?

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபது வருடம் வகுப்பில் பேசியே பிழைத்த கணக்கு வாத்தியார் நான். அடுத்தவர் பேசுவதை முழுசாகக் கேட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். அதுவும் வேறு வழியில்லாமல்.

கொரோனா முடிந்து பள்ளிகள் திறந்த காலம். ஆன்லைன் வகுப்புக்கென்று கொடுத்த செல்போனைப் பிள்ளைகள் திருப்பித் தருவதாக இல்லை. அதற்காகப் பெரம்பலூரில் எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து அவர்களையே பேச வைக்க வேண்டும். பேச வைப்பவர் ‘நெறியாளர்’. முதலில் எங்களுக்குள் ஒத்திகை. திருச்சியிலிருந்து வந்த பயிற்சியாளர் அம்மாள் விதிகளைச் சொன்னார்: நெறியாளர் அறிவுரை சொல்லக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது, எதிரில் இருப்பவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நன்றாகச் செய்பவர்தான் இனி மற்றப் பள்ளிகளுக்கும் பயிற்சியாளர். (அந்தப் பதவியை முந்தின நாளே மனதுக்குள் ஏற்றுக்கொண்டு, ஏற்புரையும் ஆற்றி முடித்திருந்தேன்.)

என் வட்டத்தில் எட்டு நாற்காலி. ஒன்றில் என் மனைவி கலைச்செல்வி. அதே பள்ளியில் தமிழாசிரியை. பள்ளி வாசலுக்குள் நுழைந்துவிட்டால் நான் அவளுக்கு ‘சார்’, அவள் எனக்கு ‘டீச்சர்’.

“உங்கள் வீட்டில் யாருடைய போன் உங்களைச் சங்கடப்படுத்துகிறது?” என்று கையேட்டுத் தமிழில் குழைந்தேன்.

“எங்க வூட்டுக்காரரோடது, சார்” என்றாள் கலைச்செல்வி.

வட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“ஆக, உங்கள் கணவருடைய போன் உங்களைச் சங்கடப்படுத்துகிறது.”

“ஆமாங்க சார். பாத்ரூமுக்கும் கூடவே போகுது. ரெண்டு பேரும் வெளிய வர முக்கா மணி நேரம்.”

“ஆக, அவர்கள் இருவரும்…”

வேப்பந்தட்டையிலிருந்து வண்டியில் வரும் உடற்கல்வி ஆசிரியர் சுகுமார், “ஆளு யாருன்னு சொல்லுங்க டீச்சர், போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறோம்” என்றார். சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் மாறியது.

“கீழப்பழுவூர் பக்கம் இருக்கே நம்ம நிர்வாகத்து ஸ்கூலு, அங்க என்னைய ஹெச்.எம்.மா போகச் சொல்லியிருக்காங்க. போகவா, வேணாமான்னு மூணு நாளா அவருகிட்ட கேக்குறேன். போனைப் பாத்துக்கிட்டே ‘ம்’ங்கறாரு. எதுக்கு ‘ம்’முன்னு தெரியல. இன்னிக்கு சாயங்காலம் பதில் சொல்லணும். வேணாம்னு எழுதிட்டேன்.”

கைப்பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த மூன்று நாளும் நான் எங்கே இருந்தேன் என்றால், பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில். எங்கள் பழைய டிராயிங் மாஸ்டரின் ஸ்கூட்டர் பச்சையா நீலமா என்று கடும் சர்ச்சை. நான் பச்சைக் கட்சி.

‘எனக்குத் தெரியாதே, கலை’ என்பது தொண்டை வரை வந்தது. பயிற்சியாளர் அம்மாள் உதட்டில் விரலை வைத்தார்.

“ஆக,” என்றேன். மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. “நீங்கள் கேட்டீர்கள். உங்கள் கணவர் காதில் வாங்கவில்லை.”

“ஆமாங்க சார்.”

“உங்களுக்குப் போக விருப்பமா?”

தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இருக்குங்க சார். ரொம்ப.”

அதற்குமேல் எனக்கு வேலையே இல்லை. வட்டம் எடுத்துக்கொண்டது. “ஏழு மணிக்கு அரியலூர் பஸ் இருக்கு டீச்சர், அங்க மாறிக்கலாம்” என்றது ஒரு குரல். “காலைல சமையல்?” என்றது இன்னொன்று. “அதான் ஒருத்தரு முக்கா மணி நேரம் சும்மா உக்காந்திருக்காராமே” என்றார் சுகுமார். கலை சிரித்தாள். சிரித்துக்கொண்டே தாளை நாலாகக் கிழித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன்; தெரியவில்லை.

பயிற்சியாளர் பதவி சுகுமாருக்குப் போனது. என் மதிப்பீட்டுத் தாளில், ‘நன்றாகக் கேட்கிறார். ஆனால் நடுவில் கண் கலங்கினார். நடுநிலை போதாது’ என்று இருந்தது.

கலை இன்றைக்கும் அந்தப் பள்ளியில்தான் தலைமையாசிரியை. காலையில் சட்னி என் பொறுப்பு. உறவில் யாராவது வந்து, “அம்மா எப்புடி ஹெச்.எம். ஆனாங்க?” என்று கேட்டால் என் மகள் முந்திக்கொள்வாள்.

“எல்லாம் எங்கப்பா தயவுதான். வாய மூடிக்கிட்டு இருந்தாரு.”