உயர்ந்தது உனக்கு, சுமாரானது எனக்கு

என் மனைவியை ஏமாற்ற முடியும் என்று நான் முடிவு செய்தது ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. அதற்கு முந்தைய பதினான்கு வருடத்தில் அந்த யோசனை வராமல் இல்லை. தைரியம்தான் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் மாடி வீட்டுக்காரர். ஆறு மாதமாகத் தன் குளியலறையைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். ஆள் வைத்து அல்ல. தானே. ஒரு டிரில்லிங் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு காலை ஒன்பதுக்குச் சுவரில் வைத்தாரென்றால் ராத்திரி எட்டுக்குத்தான் எடுப்பார். நான் அவருக்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்திருந்தேன். சுவரைத்தான் கொத்துகிறார். ஆனால் ஓட்டை என் மண்டையில் விழுகிறது.

"மேல போய் ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துடறேன்" என்று ஒரு நாள் கிளம்பினேன்.

"என்னனு கேப்பீங்க? அந்த டைல்ஸை அவருக்கு வித்தது யாரு?" என்றாள் என் மனைவி.

நான்தான். டைல்ஸ் கடையில் மேனேஜர். பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்து, "நீங்களே ஒட்டிடலாம் சார், ரொம்ப சுலபம்" என்று சொன்னதும் நான்தான். கிளம்பியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவிக்கு அந்தச் சத்தம் இன்னும் கஷ்டம். அவள் பிழைப்பே காதில்தான். டாக்டர், வக்கீல், கம்பெனிக் கூட்டம் என்று யார் பேசிய பதிவு வந்தாலும் கேட்டு, வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்து கொடுப்பாள். வாய்க்குள்ளேயே பேசும் டாக்டரைக்கூடக் காற்புள்ளி, அரைப்புள்ளியோடு இறக்கி வைத்துவிடுவாள். அவளுடைய இயர்போனில் ஒரு பக்கம் செத்துப்போய், இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை அவளே சொன்னாள்.

"ஏங்க, இந்த ஒயர் இல்லாத இயர்பட்ஸ் ரெண்டு வாங்கிட்டு வாங்க. எனக்கொண்ணு, உங்களுக்கொண்ணு. ரெண்டும் உயர்ந்ததா வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. ஒண்ணு உயர்ந்தது, ஒண்ணு அதுக்கு ஒரு படி கீழ."

"உயர்ந்தது யாருக்கு?"

"அதை உங்க மனசாட்சிக்கு விட்டுடறேன்."

மனைவியாட்சி நடக்கும் வீட்டில் மனசாட்சிக்கு அன்றுதான் முதல் முறையாக ஒரு பொறுப்பு கிடைத்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

கடையில் ஒரு பெண் இரண்டையும் மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டுமே பிரீமியம் சார்."

"அப்போ என்ன வித்தியாசம்?"

"இது பிரீமியம். அது பிரீமியத்துக்கும் மேல."

"பார்த்தா ரெண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கே?"

"ஆமா சார். டப்பா மட்டும்தான் வேற. காதுல மாட்டிப் பாருங்க, தெரியும்."

முதலில் ஒரு படி கீழானதை மாட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. வெளிச்சத்தம் பாதி குறைந்தது. கதவை ஒருக்களித்துச் சாத்தின மாதிரி. அடுத்து உயர்ந்ததை மாட்டினேன்.

உலகம் நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணின் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. பின்னால் ஒரு குழந்தை வாயைத் திறந்து அழுதது. சத்தம் இல்லை. வாசலில் ஒரு லாரி போனது, பஞ்சுமேல் பஞ்சு உருளுவதைப் போல. வரிசையில் நின்றிருந்தவர் என்னை ஏதோ திட்டினார். அதுகூட எனக்கு வாழ்த்துவது போல் இருந்தது. இதை எடுத்துப்போய் இன்னொருவர் காதில் வைப்பதா? மனசாட்சியைக் கேட்டேன். அதற்கும் நான் பேசியது கேட்கவில்லை.

அப்போது கடிகாரத்தில் பதினொன்றே கால்.

யோசனை எளிமையானது. உயர்ந்ததைச் சுமாரான டப்பாவில் வைக்க வேண்டியது. சுமாரானதை உயர்ந்த டப்பாவில் வைக்க வேண்டியது. உயர்ந்த டப்பாவை மனைவியிடம் நீட்டி, "உனக்குத்தான்" என்று சொல்ல வேண்டியது. சத்தமில்லாத காதும் எனக்கு. தியாகி என்ற பெயரும் எனக்கு.

மேஜையிலேயே மாற்றினேன்.

"சார், டப்பா மாறிடுச்சு."

"மாறலம்மா. மாத்தினேன்."

"யாருக்கு சார்?"

"என் மனைவிக்கு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, உயர்ந்த டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கா உயர்ந்தது?"

"உனக்கில்லாம யாருக்கு?"

"வேண்டாங்க. நீங்க வெச்சுக்கோங்க."

"சேச்சே! நீதான் வெச்சுக்கணும்."

"இல்லங்க, பாவம் நீங்க. வாரம் பூராக் கடையில நின்னுட்டு வர்றீங்க. சனி, ஞாயிறாவது நிம்மதியா இருக்க வேண்டாமா? அந்தச் சின்னதை இங்க கொடுங்க."

கையை நீட்டினாள். பையில் இருந்ததை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"முடியாது! உயிரே போனாலும் முடியாது! உன் காதுதான் நம்ம வீட்டுக்குச் சோறு போடுது!"

"அப்போ உங்களுக்கு மாடிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குமே?"

"கேட்கட்டும். எனக்கு எல்லாம் கேட்கும். நீ கூப்பிட்டாக்கூடக் கேட்கும். குடும்பஸ்தனுக்கு அதைவிட வேறென்ன வேணும்?"

சொல்லி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் தன் மேஜையில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். சரியாக அந்த நேரம் பார்த்து மரங்கொத்தி மறுபடி ஆரம்பித்தார். அவள் மேலே ஒரு முறை பார்த்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள்.

பதினான்கு வருடத்தில் நான் ஜெயித்த முதல் ஆட்டம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் ராஜா. கடையிலிருந்து வந்ததும் சாய்வு நாற்காலி, காதில் இரண்டு பட்டாணி, கண்ணை மூடினால் பரம சுகம். மரங்கொத்தி இல்லை. குக்கர் இல்லை. தெருவில் ஹாரன் இல்லை. நடுநடுவே கண்ணைத் திறந்தால் எதிரே மனைவி நிற்பாள். வாய் அசையும். என்ன என்று கேட்டால் குட்டு உடைந்துவிடும். எல்லாம் கேட்கும் என்று வாக்குமூலம் கொடுத்தவனாயிற்றே. அதனால் புன்னகையோடு தலையாட்டுவேன். அவளும் புன்னகையோடு போய்விடுவாள்.

திங்கட்கிழமை ஒரு முறை ஆட்டினேன். செவ்வாய்க்கிழமை இரண்டு முறை. புதன்கிழமை அவள் கொஞ்சம் நீளமாகப் பேசினாள். நானும் கொஞ்சம் நீளமாகவே ஆட்டினேன். இத்தனை வருடம் வாயைத் திறந்து திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டேனே, தலையை ஆட்டினால் இவ்வளவு நிம்மதியா என்று ஆச்சரியமாக இருந்தது. தாம்பத்தியத்தின் ரகசியத்தைக் கண்டுபிடித்தவனைப் போல வியாழன், வெள்ளியும் கழிந்தன.

சனிக்கிழமை காலை மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. வந்தவன் காபியைக் குடித்தான், ஆணியில் மாட்டியிருந்த என் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா. ஒரு மாசம்தான். பத்திரமாத் திருப்பித் தந்துடறேன்."

"எதை?"

"ஸ்கூட்டரை. அக்கா செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டா, நீங்க மறுபேச்சே பேசாம சரின்னுட்டீங்கன்னு. மனசு மாமா உங்களுக்கு!"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"ஆமாங்க, கேட்டேனே. தலையாட்டினீங்களே."

"நானா? எனக்குக் கே..."

நல்ல வேளை, நிறுத்திக்கொண்டேன்.

"கேட்கலையா?" என்றாள் அவள். குரலில் அப்படி ஒரு கவலை. "உங்களோடது சுமாரானதுதானே? அதுல எல்லாம் கேட்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கேட்டுச்சு" என்றேன். "நல்லாக் கேட்டுச்சு. மாப்பிள்ளை, பெட்ரோல் நிறையவே இருக்கு."

அவன் போன அரை மணியில் மாடியிலிருந்து மரங்கொத்தியே இறங்கி வந்துவிட்டார். கையில் கொத்தனார் கரணை. முகம் முழுக்கச் சிமென்ட், அதற்கு நடுவில் ஒரு சிரிப்பு.

"சார், இந்தக் காலத்துல யார் இப்படி இருப்பாங்க? நாளைக்குக் காலையில எட்டு மணிக்கே வந்துடறீங்களா?"

"எங்க?"

"டைல்ஸ் ஒட்டறதுக்கு! நாள் முழுக்கக் கூட இருந்து முடிச்சுக் கொடுக்கறேன்னு சொன்னீங்களாமே. நீங்க வித்த டைல்ஸ், நீங்களே ஒட்டறது எனக்குப் பெரிய கௌரவம் சார்."

நான் மனைவியைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே பதில் வந்தது.

"திங்கட்கிழமை தலையாட்டினதுங்க."

"வரேன் சார்" என்றேன்.

"இன்னொண்ணும் இருக்குங்க" என்றாள் அவள். மரங்கொத்தியையும் உட்காரச் சொன்னாள். "நீங்களும் கேளுங்க சார், இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க. இவரு எனக்கு உயர்ந்த இயர்பட்ஸை வாங்கிக் கொடுத்துட்டு, தான் சுமாரானதை வெச்சுக்கிட்டாரு. ஒரு வாரமா எனக்கு மனசே ஆறல. புதன்கிழமை இவர்கிட்ட அரை மணி நேரம் கெஞ்சினேன். 'நாம மாத்திக்கலாங்க, உயர்ந்தது உங்ககிட்டயே இருக்கட்டும், அந்தச் சுமாரானது எனக்குப் போதும்'னேன். கடைசியில மனசு இறங்கிச் சரின்னு தலையாட்டினாரு. ஆனா இன்னும் கொடுக்க மாட்டேங்கிறாரு."

"அடடா!" என்றார் மரங்கொத்தி. "சார், தியாகத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? அம்மா அவ்வளவு ஆசையாக் கேக்கறாங்க. சுமாரானதைக் கொடுத்துட்டு உயர்ந்ததை வாங்கிக்கோங்க சார்."

"இல்ல சார், எனக்குச் சுமாரானதே பழகிடுச்சு..." பையிலிருந்த இயர்பட்ஸைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா? இவரு இப்படித்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஆறு மாதமாக என் மண்டையில் ஓட்டை போட்ட மனிதர், இப்போது என் கையைப் பிடித்து, என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருந்த சொர்க்கத்தை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார். அவள் தன்னுடையதை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். இப்படி ஒரு தம்பதியைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி மேலே போனார். போனதும் கொத்த ஆரம்பித்தார். ஒருக்களித்த கதவு வழியாக அத்தனையும் உள்ளே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை நான் டைல்ஸ் ஒட்டினேன். ரொம்ப சுலபம் என்று நான் இத்தனை வருடம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒவ்வொருவரையும் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். முட்டியில் சிமென்ட்டும் இடுப்பில் பிடிப்புமாக இறங்கி வந்தால், வீட்டில் என் மனைவி என் சாய்வு நாற்காலியைத் தன் மேஜைக்கு இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காதில் என் இரண்டு பட்டாணி. விரல்கள் விசைப்பலகையில்.

கூப்பிட்டேன். திரும்பவில்லை. இருமினேன். அசையவில்லை. அந்த இயர்பட்ஸின் சக்தி எனக்குத் தெரியாதா என்ன? இடி விழுந்தாலும் கேட்காது.

அப்போதுதான் எனக்குள் பழைய தைரியம் திரும்ப வந்தது. கதவருகே நின்று, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பதினான்கு வருடத்தையும் சேர்த்துக் கொட்டினேன்.

"ஆமா! டப்பாவை மாத்தினது நான்தான்! இப்ப என்னங்கற? உயர்ந்தது எனக்கு வேணும்னு நெனச்சது ஒரு குத்தமா? இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு நாற்காலி உண்டா, ஒரு ஸ்கூட்டர் உண்டா, ஒரு ஞாயித்துக்கிழமை உண்டா? தலையை ஆட்டினா ஆளையே வித்துடறதா? உன் தம்பிக்கு பிரேக் பிடிக்கத் தெரியுமா? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி கண்ணைத் துடைக்கற பாரு, நீ பொம்பளை இல்லடி, ராட்சசி! இதை உன் எதிர்ல நின்னும் சொல்லுவேன்!"

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு நெஞ்சு பஞ்சாகிவிட்டது. இத்தனை நிம்மதி அந்த இயர்பட்ஸ்கூடக் கொடுத்ததில்லை. ஜெயித்தவனின் நடையில் அவள் பக்கம் போனேன். தண்ணீர்ச் சொம்பு அவள் மேஜையில்தான் இருந்தது. எடுக்கக் குனிந்தேன்.

திரையில், 'ஆமா! டப்பாவை மாத்தினது நான்தான்!' என்று ஆரம்பித்திருந்தது. ஆச்சரியக்குறி உட்பட. நாற்காலி, ஸ்கூட்டர், ஞாயிற்றுக்கிழமை, பிரேக், எல்லாம் வரிசையாக இருந்தன.

"வலது பக்கம் ரெண்டு தட்டு தட்டினா வெளிச்சத்தம் அப்படியே உள்ள வரும்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கையேட்டுல பதினோராவது பக்கம். நீங்க டப்பாவை மாத்தின அவசரத்துல படிச்சிருக்க மாட்டீங்க. நான் மொத நாளே படிச்சுட்டேன்."

சொம்பு என் கையில் இருந்தது. தண்ணீர் என் சட்டையில் இருந்தது.

"ஒரே ஒரு இடம்தான் சரியா விழல" என்று ஒரு வரியில் விரலை வைத்தாள். "இங்க 'ராட்சசி'ன்னு சொன்னீங்களா, 'ராசாத்தி'ன்னு சொன்னீங்களா?"

"ராசாத்தி" என்றேன். தெளிவாக, இரண்டு முறை.