பசுமை அருங்காட்சியகத்துக்குக் கமிட்டி வந்த கதை

“மூங்கில் முத்திப்போச்சு, கீரியம்மா. மூங்கில் முத்திப்போச்சு.”

ஒரு காட்டில், அருங்காட்சியகம் எழும்பிக்கொண்டிருந்த மேட்டில், யானை ஏகாம்பரம் காலையிலிருந்து இதையே பாடிக்கொண்டிருந்தார். பசுமைக் கட்டடக் கமிட்டியின் தலைவர் அவர். வேலையை மேற்பார்வையிடும் கீரி மரகதவல்லிக்குக் காது புளித்துப்போனது.

“முத்தின மூங்கில்தான் சார் நிக்கும்.”

“பசுமைக் கட்டடம்னா கொஞ்சம் கொழுந்தா இருக்க வேணாமா?”

படித்த யானையோடு வாதாடலாம். பதவியில் இருக்கும் யானையோடு முடியுமா? அதுவும் அந்த மேடு அவள் வளை இருந்த இடம்; கட்டடத்துக்காக அதைத் தூர்த்துவிட்டார்கள். “கட்டி முடிச்சு கமிட்டி சரின்னுட்டா, அடியிலேயே உனக்கு ஒரு வளை” என்று சிங்கராஜா வாக்குக் கொடுத்திருந்தார். மழைக்கு முன் முடிந்தால் குட்டிகள் நனையாது.

ஆகவே இளமூங்கில் வந்தது. சுவருக்கு வைக்கோல் தட்டி, கூரைக்குப் புல், வெயில் தாங்க மேலே அகத்திக்கீரைப் பாத்தி. மின்விசிறியே வேண்டாம், காற்று தானாக வந்து போகும். உள்ளே பழைய ராஜாவின் பிடரிமயிர் காட்சிக்குத் தயார்.

மேகம் கறுத்த அன்று கமிட்டி வந்து இறங்கியது. ஏகாம்பரம், வெள்ளாடு வேதநாயகி, புள்ளிமான்கள், சும்மா கூட வந்த உறவுக்காரர்கள்.

ஏகாம்பரம் சுற்றுமுற்றும் பார்த்தார். “டிபன் எங்கம்மா?”

காற்றுக்கு வழி, மழைநீருக்குத் தொட்டி என்று யோசித்த மரகதவல்லிக்கு, வருகிறவர்கள் வயிற்றையும் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்பது உதிக்கவே இல்லை. பெண் பார்க்க வருகிறவனுக்கே சொஜ்ஜி பஜ்ஜி தேவைப்படுகிறது. கட்டடம் பார்க்க வருகிறவன் சும்மா போவானா?

“இதோ வரேன் சார்” என்று ஓடினாள். வாழைத்தாரை இழுத்துக்கொண்டு திரும்பும்போது மேடு மொட்டையாக இருந்தது. பிடரிமயிர் மட்டும் கிடந்தது. ராஜா சமாசாரம், யாரும் வாய் வைக்கவில்லை.

“தரம் பார்க்க வேணாமாடி?” என்றாள் வேதநாயகி, கடைசி அகத்திக்கொழுந்தை மென்றபடி.

ஏகாம்பரம் ஏப்பம் விட்டார். “மண்ணுக்குப் பாரமில்லை, குப்பைன்னு ஒரு துரும்பில்லை. இவ்வளவு பசுமையான கட்டடத்தை நான் பார்த்ததே இல்லை. முதல் பரிசுக்குச் சொல்லிடறேன்.” வாழைத்தாரையும் வாங்கிக்கொண்டார்.

தூறல் விழ ஆரம்பித்தது. கமிட்டி வரிசையாக மேட்டை விட்டு இறங்கியது.

“பரிசு இருக்கட்டும் சார். என் குட்டிங்க ஒதுங்க ஒரு இடம் மட்டும் சொல்லிட்டுப் போங்களேன்” என்றாள் மரகதவல்லி, அந்த வால்களைப் பார்த்து.

நீதி: அஸ்திவாரம் போடுமுன் கமிட்டிக்கு இலை போடு.