குனிந்த தலைக்கு ஐம்பது சைக்கிள்

ஓர் அரசு அலுவலகம் நடப்பதற்கு நாற்காலி வேண்டும், மின்விசிறி வேண்டும், மாலை ஐந்து மணி வேண்டும். மற்றவை இருந்தால் நல்லது. புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய அந்த அலுவலகத்துக்கு நாற்காலிகளைப் பிரெஞ்சுக்காரர்களே விட்டுப் போயிருந்தார்கள். ஐந்து மணி தானாக வந்துகொண்டிருந்தது. 1983-ஆம் வருஷக் கோடையில் ஆபத்து வந்தது மின்விசிறிக்குத்தான். மழை இல்லை, அணையில் தண்ணீர் இல்லை, அதனால் பகலில் கரண்ட் இல்லை.

மேலிடம் இரக்கப்பட்டு ஒரு டீசல் ஜெனரேட்டர் அனுப்பியது. அதை ஓட்டுவதற்கு முதலியார்பேட்டையிலிருந்து காத்தவராயன் வந்தார். இருபது வருஷம் பஞ்சாலையில் இன்ஜின் ரூமில் இருந்தவர். சத்தத்தைக் கேட்டே இன்ஜினுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார். பெற்ற பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அந்தத் திறமை வேலை செய்யவில்லை என்று அவர் மனைவி பச்சையம்மாள் சொல்வாள்.

ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதற்குள் டைரக்டர் தண்டபாணி டெல்லிக்குப் போய்ப் பதினைந்து நாள் சிக்கனப் பயிற்சி முடித்துத் திரும்பிவிட்டார். திரும்பிய அன்றே ஒரு சுற்றறிக்கை வந்தது.

"வேலை இல்லாத நேரத்தில் முழு மின்சாரம் வழங்குவது தேசத்துக்கு இழைக்கும் துரோகம். ஆகவே இனி பணியின் அளவுக்கேற்ப மின்சாரத்தின் அளவு அமையும். முதல் நிலை: 160 வோல்ட், 40 சைக்கிள். இரண்டாம் நிலை: 200 வோல்ட், 45 சைக்கிள். மூன்றாம் நிலை: 230 வோல்ட், 50 சைக்கிள்."

முப்பத்தொரு ஊழியர்களும் இதை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். ஆளுக்கொரு சைக்கிள் போக மீதி பத்தொன்பது யாருக்கு என்பதில்தான் தகராறு. கவுண்டர் கிளார்க் கலியமூர்த்தி, தன் மச்சானுக்கு ஒன்று வேண்டுமென்று மனுவே எழுதிவிட்டார். சைக்கிள் என்றால் கரண்ட் ஒரு விநாடியில் இத்தனை தடவை போய் வரும் கணக்கு என்று காத்தவராயன் விளக்கியபோது, அலுவலகமே அவரைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

காத்தவராயனுக்கு வேறு கவலை.

"இன்ஜின் வேகத்தைக் கொறைச்சா சைக்கிள் கொறையும் சார். இன்னொரு திருகு இருக்கு, அதைத் திருப்பினா வோல்ட்டு கொறையும். அதெல்லாம் சரி. உள்ள எவ்ளோ வேலை நடக்குதுன்னு ஷெட்டுல இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்?"

டைரக்டர் கண்ணை மூடிச் சிந்தித்தார். "வேலை செய்றவன் தலை எப்படி இருக்கும்?"

"வலிக்கும் சார்."

"குனிஞ்சிருக்கும்! கால் மணிக்கு ஒரு தடவை உள்ள வந்து குனிஞ்ச தலையை எண்ணுங்க. பத்துக்குக் கீழே முதல் நிலை. இருபது வரைக்கும் ரெண்டாம் நிலை. அதுக்கு மேலே முழு நிலை."

மறுநாள் பத்தேகாலுக்குக் காத்தவராயன் எண்ணினார். நான்கு தலைகள். அவற்றில் இரண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தன. சட்டப்படி முதல் நிலைக்கு இறக்கினார். விசிறியின் இறக்கைகளை உட்கார்ந்தபடியே எண்ண முடிந்தது. குழல்விளக்கு எரியலாமா வேண்டாமா என்று யோசித்தது. இன்ஜினின் வேகத்தைப் பிடித்து வைக்கும் இரும்புக் கருவிக்குக் கவர்னர் என்று பெயர். ஆகவே அவர் பதிவேட்டில், "காலை 10.20: கவர்னரை இறக்கிவிட்டேன்" என்று எழுதினார். பதிவேட்டின் நகல் மேலிடத்துக்குப் போனது. சாயங்காலம் மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, கிரீஸ் பூசிய அந்த இரும்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கு ஒரு சல்யூட் வைத்துப் போனார்கள்.

அன்று இன்னொன்றும் நடந்தது. ஐந்து மணி வரவில்லை.

சுவரில் இருந்தது மின்சாரக் கடிகாரம். முன்பிருந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பியூன் ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் இடம் நிரப்பப்படாததால், சாவி கேட்காத கடிகாரமாக வாங்கி ஜெனரேட்டர் வயரில் மாட்டியிருந்தார்கள். காலையில் டைரக்டர் தன் கையால் முள்ளைப் பத்தில் வைப்பார். அது ஐந்து காட்டினால் அலுவலகம் முடியும். சொந்தக் கைக்கடிகாரங்கள் ஏற்கப்பட மாட்டா. இந்தக் கடிகாரம் சைக்கிளை எண்ணித்தான் ஓடும். ஐம்பது வந்தால் அதற்கு ஒரு விநாடி. நாற்பதுதான் வந்தது என்றால், மீதிப் பத்தும் வரட்டும் என்று நிற்கும். ஊரெல்லாம் ஆறு நாற்பது ஆனபோதுதான் அதற்கு ஐந்தானது. ஊழியர்கள் எழுந்தபோது கடைசி வெயில்கூடப் போயிருந்தது.

டைரக்டர் டெல்லிக்கு எழுதினார்: "இப்போதெல்லாம் ஊழியர்கள் தாமாகவே கூடுதல் நேரம் பணியாற்றுகிறார்கள்."

டைப்பிஸ்ட் கமலவேணி ஷெட்டுக்கே வந்துவிட்டாள். "அண்ணே, இது அநியாயம். நான் நாள்பூரா டைப் அடிக்கிறேன். அவங்க கதை பேசுறதுக்கு நானும் சேர்ந்து ஏழு மணி வரைக்கும் உக்காரணுமா?"

"நான் இன்னாம்மா பண்ணட்டும்? தலையை எண்றேன், திருகைத் திருப்புறேன்."

"அப்போ தலை குனிஞ்சா போதுமா? வேலை செய்யணும்னு இல்லியே?"

காத்தவராயன் சுற்றறிக்கையை எடுத்து மறுபடி படித்தார். வேலை செய்யணும் என்று எங்குமே இல்லை.

அதற்கப்புறம் ஊழியர்கள் தேறிவிட்டார்கள். கால் மணிக்கொரு முறை காத்தவராயனின் செருப்புச் சத்தம் கேட்டதும் தலைகள் விழும். அவர் திரும்பியதும் எழும். சிலர் எதற்கு வீணாக ஏற்றி இறக்குவது என்று அப்படியே தூங்கிப்போனார்கள். தூங்குகிறவன் தலையும் குனிந்துதான் இருக்கும். தூங்கத் தூங்க விசிறி நன்றாகச் சுழன்றது, விசிறி சுழலச் சுழல நன்றாகத் தூக்கம் வந்தது. தூங்கும் தலைகளைச் சேர்க்கலாமா என்று காத்தவராயன் எழுத்துமூலம் கேட்டார். தலைகளுக்குள் பாகுபாடு காட்டலாகாது என்று பதில் வந்தது. மில்லில் வேலைக்காக இன்ஜின் ஓடியது, இங்கே இன்ஜினுக்காக ஆட்கள் ஓடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அப்படித் தோன்றுவதைப் பதிவதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

கடைசியில் மனுதாரர்கள்தான் தொல்லை. மனுதாரர் வந்தால் தலை நிமிர்கிறது, நிமிர்ந்தால் கரண்ட் இறங்குகிறது. உடனே ஓர் அறிவிப்புப் பலகை எழுந்தது: "பொதுமக்கள் தங்கள் குறைகளை, ஊழியரின் தலை நிமிராத வண்ணம் தெரிவிக்கவும்."

வீராம்பட்டினத்து மீன்காரி சொர்ணம் பதினோராவது முறையாக வந்திருந்தாள். தவளக்குப்பம் சந்தையில் ஐஸ் பெட்டி வைத்துக்கொள்ள அவளுக்கு ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் பெட்டி வைத்தால் தூக்கிப்போய்விடுவார்கள். பெட்டி இல்லாவிட்டால் மதியத்துக்குள் மீன் நாறிவிடும். பலகையைப் படித்துச் சொல்லக் கேட்டவள், கவுண்டருக்கு அடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யா, கீழ கீறேன்யா. சொர்ணம். ஐஸ் பொட்டி சீட்டு."

"குரல்ல தெரியுது," என்றார் கலியமூர்த்தி, குனிந்தபடியே. "இன்னும் கொஞ்சம் கீழ போ. உன்னைப் பார்த்தா கழுத்து நிமிருது."

"இதுக்குமேல கீழ போனா மண்ணுதான்யா."

எண்ணுவதற்கு வந்த காத்தவராயனுக்கு மனசு கேட்கவில்லை. அவள் தலையையும் சேர்த்து எண்ணி, இருபத்தொன்று என்று எழுதிக்கொண்டு போனார். அவளுக்காக அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஜூன் மாதக் கடைசியில் கமலவேணிக்குப் புது யோசனை வந்தது. நாற்பதில் கடிகாரம் மெதுவாக ஓடுமானால், அறுபதில்? முப்பத்தொரு தலையும் ஒரே நேரத்தில் குனிந்தால் என்ன நிலை என்று கேட்டு, அவளே டைப் அடித்துக் காத்தவராயனிடம் கையெழுத்து வாங்கி மேலே அனுப்பினாள். டைரக்டருக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. "நான்காம் நிலை: 270 வோல்ட், 60 சைக்கிள். இதைப் பெறுவதை ஊழியர்கள் லட்சியமாகக் கொள்ள வேண்டும்" என்று எழுதினார்.

ஜூன் முப்பது, வியாழக்கிழமை, காலை முதலே முப்பத்தொரு தலையும் குனிந்தன. காத்தவராயன் அறுபதில் விட்டார். இன்ஜின் கத்தியது. அந்தக் கத்தல் அவருக்குப் பிடிக்கவில்லை.

"சார், இஞ்சின் தாங்காது போலிருக்கு."

"இன்ஜின் குனிஞ்சிருக்கா?"

"இஞ்சினுக்குத் தலை இல்லியே சார்."

"அப்போ அதைப் பத்திச் சுற்றறிக்கையில இடமில்லை."

உள்ளே விசிறிகள் பேயாட்டம் ஆடின. முதலில் பறந்தது தபால் பதிவேட்டின் அட்டை. பின்னாலேயே மனுக்கள், நகல்கள், நினைவூட்டல்கள், நினைவூட்டல்களுக்கு நினைவூட்டல்கள். பொறுக்குவதற்கு எல்லோரும் தரையில் குனிந்தார்கள். காத்தவராயன் வந்து எண்ணினார். முப்பத்தொன்று. விதி விதிதான், நான்காம் நிலையை நீட்டித்தார். இன்னும் காகிதம் பறந்தது, இன்னும் குனிந்தார்கள். இந்தியாவிலேயே அன்று அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்த அலுவலகம் வேறில்லை.

அன்றும் வந்து கவுண்டரடியில் இருந்த சொர்ணத்தின் மடியில் ஒரு காகிதம் வந்து விழுந்தது. அதில் அவளுடைய கைநாட்டு. பதினோரு தடவை கிடைக்காத தன் மனுவை எடுத்துக்கொண்டு தவழ்ந்தே டைரக்டர் அறைக்குள் போனாள். டைரக்டர் மேஜைக்கடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். குனிந்த நிலையிலேயே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

"நல்லாப் பார்த்துக்கோ. இந்த வருஷத்து அனுமதியெல்லாம் இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது. நாளைக்கு வந்து புதுசா மனு போடு."

"இப்போ மணி இன்னாங்கய்யா?"

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சுக்கு எட்டு நிமிஷம்."

அந்த நேரத்தில் ஷெட்டில் 'டங்' என்று ஒரு சத்தம். இன்ஜின் இருமியது, புகை கக்கியது, அடங்கிவிட்டது. விசிறிகள் ஓய்ந்தன. காகிதங்கள் நிதானமாகத் தரையில் இறங்கின. கடிகாரம் ஐந்துக்கு எட்டு நிமிஷத்தில் நின்றது.

உடைந்தது வால்வு ஸ்பிரிங். காத்தவராயன் பழைய மில் கூட்டாளி ஒருவரின் பட்டறையில் உட்கார்ந்து புதிது ஒன்றைத் தயார் செய்தார். மறுநாள் காலையில் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தவருக்கு வாசலிலேயே வியப்பு. வீதி முனை வரைக்கும் வரிசை நின்றது. உள்ளே ஊழியர்கள் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கண்ணே," என்றாள் கமலவேணி. "கையெழுத்தெல்லாம் போட வேணாம். நேத்துப் போட்டதே செல்லும். இன்னும் அஞ்சு ஆகலியே."

"விசிறி இல்லாம வேர்க்கலியா?"

"ஜன்னலைத் திறந்தோம். கடல்காத்து வருது. இத்தனை நாளா யாருக்கும் தோணலை."

"வெளியில இன்னா கூட்டம்?"

"ஜூன் முப்பதுக்குள்ள மனு போட மறந்தவங்க. இங்கதான் இன்னும் முப்பதாம் தேதின்னு ஊர்ல தெரிஞ்சிடுச்சு."

காத்தவராயன் துணியைப் பிரித்தார். "நல்லவேளை, பத்து நிமிஷ வேலை. இந்த ஸ்பிரிங்கை மாட்டினா இஞ்சின் ஓடிடும்."

முப்பத்தொரு தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அவர் எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து அப்படி நடந்ததே இல்லை.

முதலில் ஓடிவந்தவள் சொர்ணம்தான். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதுல கை வெக்காதீங்க. அஞ்சு அடிச்சா என் சீட்டு செத்துடும். இப்பத்தான் பொட்டியில ஐஸ் போட்டுட்டு வந்தேன்."

வரிசையில் நின்றவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். கலியமூர்த்தி கதவை மறித்து நின்றார். சத்தம் கேட்டு டைரக்டரே வெளியே வந்தார். நேற்று ஐந்து மணியோடு அவருக்குப் பணி ஓய்வு. கழுத்தில் போட வாங்கிய மாலை மேஜைமேல் வாடிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் வாடவில்லை.

"அவசரப்படாதீங்க காத்தவராயன். உங்க நியமன ஆணையில என்ன போட்டிருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குது சார். தற்காலிகம்…" என்று தொடங்கினார். "ஜூன் முப்பது வரைக்கும்…" என்னும்போது அவர் குரலே முதல் நிலைக்கு இறங்கிவிட்டது.

பச்சையம்மாளின் முகம் அவர் கண்முன் வந்துபோனது. இன்ஜின் இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார். ஸ்பிரிங்கைத் துணியில் சுற்றி மறுபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது.

இவ்வளவு தூரம் வந்த பிறகு கோரிக்கையை அப்படியே விட முடியாது என்று டைரக்டர் அங்கேயே ஓர் ஆணை சொல்ல, கமலவேணி டைப் அடித்தாள்:

"ஜெனரேட்டரைப் பழுதுபார்ப்பது குறித்த திரு. காத்தவராயனின் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி பணி, நாளைக் காலை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளப்படும்."

காத்தவராயன் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டு, கீழே அன்றைய தேதியை எழுதினார்: 30-6-1983.