வண்டிக்குக் கண் பரிசோதனை

வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண் தெரிய வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். அதைச் சொல்லித்தான் என் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தார் ஆய்வாளர் வீரராகவன். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் முப்பத்தொரு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன் நான். கண் பரிசோதனைப் பலகையில் கடைசி வரியை நான் படிக்கவில்லையாம். எனக்கு அடுத்து நின்றவன் கடகடவென்று படித்தான்: ட, ப, ம, ய, ல. ஒரு வருஷமாகச் சோறு தின்னும்போதும் அந்த ஐந்து எழுத்துதான் என் வாயில்.

இப்போது வெள்ளானூர்ப் பக்கம் ஒரு காலேஜில் வாட்ச்மேன். போன மாதம் அங்கே ஆள் ஓட்டாமல் தானே ஓடும் கார்களுக்குப் போட்டி வைத்தார்கள். தலைமை விருந்தினர் யார்? வீரராகவனேதான்.

முதலில் வந்தது சுவேதா என்ற மாணவியின் கார். அதன் கூரைமேல் ஒரு டப்பா சுற்றிக்கொண்டே இருந்தது. சென்சாராம். எதிரே ஏதாவது இருந்தால், எத்தனை அடியில் இருக்கிறது என்று சொல்லி, பிரேக்கும் போடுமாம்.

கொடியசைக்க வந்த வீரராகவன் கொடியைச் சுருட்டினார்.

"ஓட்டுநர் யார்?"

"காரே ஓட்டிக்கும் சார்."

"அப்படியானால் காரின் கண் தகுதிச் சான்று எங்கே?"

"அதுக்குத்தான் சார் சென்சார் வெச்சிருக்கோம்."

"சென்சார் இருக்கட்டும்மா. பலகையைப் படித்ததா?"

ஜீப்பிலிருந்து பலகை இறங்கியது. உதவியாளர் துலுக்கானம் அதை வேப்பமரத்தில் தொங்கவிட்டார். அரசு முத்திரை குத்திய இருபதடிக் கயிறு ஒன்றை இழுத்துப் பிடித்தார். கயிறு முடிந்த இடத்தில் காரை நிறுத்தினார்கள்.

காரின் திரையில் எழுத்து ஓடியது: "எதிரே பொருள். இருபத்துநாலு அடி."

"எழுத்தும் தெரியவில்லை, தூரமும் தெரியவில்லை," என்றார் வீரராகவன்.

அன்று என்னை நிறுத்தியதும் இதே கயிற்றின் முனையில்தான். காலேஜ் பிளம்பரிடம் அளவு டேப் வாங்கிவந்து அளந்தேன். இருபத்துநாலேதான்.

"இன்னாபா துலுக்கானம், நாலடி எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "பதினோரு வருஷமா இழுத்துகினே கீறோம் அண்ணாத்தே. நைலான் கயிறு. நீண்டுகினு போச்சு போல."

"யோவ் ஆய்வாளரே! நாலடி தள்ளி நிக்கவெச்சுட்டா எனுக்குக் கண்ணு தெரியலன்னு எழுதுன? குடு என் லைசென்ஸை!"

மாணவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். வீரராகவன் குரல் உடனே கனிந்தது.

"முத்திரையிட்ட கயிறு நீளாது. இருப்பினும், கருணை அடிப்படையில் மறுபரிசோதனை."

சரியாக இருபதடியில் நின்றேன். காற்று அடித்தது. மரம் ஆடியது. பலகை வெள்ளையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். விடுவேனா? "ட! ப! ம! ய! ல!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

வீரராகவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பலகையை உற்றுப் பார்த்தார். "மிகச் சரி," என்று என் கண் தகுதிச் சான்றில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

சுவேதா என் காதருகே வந்தாள். "தாத்தா, காத்துல பலகை திரும்பிக்கிச்சு. நீங்க படிச்சது பின்பக்கம்."

"நான் கெடக்கறேன் கண்ணு. அந்தாளு இன்னாத்தைப் பாத்து சரின்னாரு?"

அடுத்து உத்தரவு வந்தது. எழுத்தறிவில்லாத காருக்குச் சான்று கிடையாது. ஆனால் கண் தகுதி பெற்ற ஓட்டுநர் ஒருவர் உள்ளே அமர்ந்து ஓட்டினால், தானே ஓடும் கார் போட்டியில் கலந்துகொள்ளத் தடையில்லை. அந்த இடத்தில் தகுதி பெற்றவன் நான் ஒருத்தன்தான். ஏறி உட்கார்ந்தேன்.

கொடி அசைந்தது. கார் கொஞ்சதூரம் போய்த் தானாக நின்றது. "எதிரே பொருள். நாலு அடி." நான் பார்த்தேன். ஒன்றையும் காணோம். சான்று வாங்கியவன் நானா, காரா? சென்சாரை அணைத்துவிட்டு ஒரே மிதி மிதித்தேன்.

அது வீரராகவனின் ஜீப் என்று பிறகு சொன்னார்கள்.

விபத்து அறிக்கையை அவரே எழுதினார். ஓட்டுநருக்குக் கண் தகுதிச் சான்று இருக்கிறது, காருக்கு இல்லை, ஆகவே குற்றம் காருடையது. சுவேதா எவ்வளவோ கெஞ்சியும் அவள் காரைப் போட்டியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

நான் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டேன். தினமும் காலை ஆறு மணிக்கு ஆவடி ஸ்டேஷன் வாசலில் என் ஆட்டோ நிற்கும். அம்பத்தூர் போகிறவர்கள் தைரியமாக ஏறலாம். சான்றை முன்கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறேன், பெரிய எழுத்தில்.